ஒரே கூரை, இரண்டு முகவரி

டன்ஸ்கோம் பண்ணை வீடு, கீழ்ப்பக்கம்
டெவன்
செப்டம்பர் 3, 1959

தம்பி ஆம்ப்ரோஸுக்கு,

இதை உன் கையில் கொடுக்கும்போது தபால்காரர் ஃப்ரெட் சிரித்தால் கண்டுகொள்ளாதே. நடையின் இந்தப் பக்கம் என் கதவு, அந்தப் பக்கம் உன் கதவு, நடுவில் நாலு எட்டு. கதவுக்கு அடியில் ஒரு சீட்டைத் தள்ளியிருக்கலாம்தான். தள்ளினால் நான் முதலில் இறங்கி வந்ததாக ஆகிவிடும். மூன்று பென்னி தபால்தலை ஒட்டி, நாலு மைல் தள்ளி ஊருக்குப் போய், முத்திரை குத்தி, மறுநாள் சைக்கிளில் திரும்பி வந்தால் அது சமாதானம் ஆகாது. அலுவல்.

அலுவல் இதுதான். என் படுக்கையறையின் மேற்குச் சுவர் வயிறு தள்ளுகிறது. ஜூன் மாதத்திலிருந்து ஒரு சொட்டு மழை கிடையாது. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது, ஓடையை மாடு குளம்பு நனையாமல் கடக்கிறது. ஊரே காய்ந்து கிடக்கும்போது என் சுவரில் மட்டும் கையை வைத்தால் ஈரம். போன வாரம் தலைமாட்டில் தொங்கிய வில்ஃப்ரெட்டின் படத்தைக் கழற்றினேன். பின்பக்கம் பூஞ்சை பிடித்து, அவருக்குப் பச்சைத் தாடி முளைத்திருந்தது. உயிரோடு இருந்தபோது என் புருஷன் தினமும் சவரம் செய்தவர்.

மூன்றடி கனமான மண் சுவர் இது. மண் நனையும், காற்றுப்பட்டால் காயும். நானூறு வருஷமாக அப்படித்தான் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன் நீ உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூசினாய். பூச்சு வெடித்தது. வெடிப்பு வழியாக உள்ளே போன மழைத் தண்ணீருக்குத் திரும்பி வர வழி இல்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு சுவரைத் தின்கிறது.

மழைக்காலம் வருவதற்குள் மேற்குப் பக்கச் சிமெண்டை உரித்தாக வேண்டும். அப்பாவின் உயிலின்படி சரிவின் மேல்பக்கம் உனக்கு, கீழ்ப்பக்கம் எனக்கு, வெளிச்சுவரும் கூரையும் பொது. ஒருவர் கையெழுத்து இல்லாமல் மற்றவர் அதில் கைவைக்கக் கூடாது. தாள் ஒன்று இணைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஈஸ்டர் விஷயத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கெஸியா டாப்பர்

பின்குறிப்பு: உன் ரேடியோவைக் கொஞ்சம் குறை. கடல் பக்கமே போகாதவனுக்குக் கப்பல்காரர்களின் வானிலை எதற்கு என்று தெரியவில்லை.


டன்ஸ்கோம் பண்ணை வீடு, மேல்பக்கம்
செப்டம்பர் 6, 1959

திருமதி டாப்பர் அவர்களுக்கு,

தங்கள் 3ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போடுவதற்கில்லை.

அந்தச் சுவருக்கு வயிறு நான் பிறப்பதற்கு முன்பே உண்டு. தாங்கள் படுத்திருக்கும் இடத்தில் நம் தாத்தா காலம் வரை மாடு கட்டியிருந்தது. மேல்பக்கம் மனிதர், கீழ்ப்பக்கம் மாடு, ஒரே கூரை. மாடு தினமும் சாய்ந்து உரசினால் சுவர் தள்ளத்தான் செய்யும். ஈரத்துக்கும் சிமெண்ட் காரணம் அல்ல. திங்கட்கிழமைதோறும் துணியை வேகவைக்கிறீர்கள், நாள் முழுக்கக் கெட்டில் கொதிக்கிறது, ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை. ஆவி எங்கே போகும்? மேலும், 1956 ஏப்ரலில் சுவர் வேலைக்காக நான் அனுப்பிய தாளில் தாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

ஈஸ்டர் பற்றி எழுதப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே எழுதியதுதான். சேப்பல் தேநீர் விருந்தில் நாற்பது பேர் முன்னால், "எங்க தம்பி வீட்டுக்கு மழைக்கோட்டு மாட்டி, கழுத்து வரைக்கும் பட்டனைப் போட்டுட்டான். பாவம், அது உள்ளயே வேர்த்துச் சாகுது" என்று சொன்னது யார்? போதகரின் மனைவிக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்தது. அன்றிலிருந்து சந்தையில் ஆள் ஆளுக்கு என்னைப் பார்த்து, "என்ன ஆம்ப்ரோஸ், வீட்டுக்குத் தொப்பி எப்ப வாங்கப் போற?" என்று கேட்கிறார்கள்.

ஃப்ரெட் சிரிக்கவில்லை. "அண்ணே, நான் பென்ஷன் வாங்குற வரைக்கும் இந்தச் சண்டைய நிறுத்திடாதீங்க. ஒரே வாசல்ல ரெண்டு தபாலு, எனக்கு நல்ல வசதி" என்றார்.

ஆம்ப்ரோஸ் யோ

பின்குறிப்பு: ரேடியோ குறையாது.


கீழ்ப்பக்கம்
செப்டம்பர் 9, 1959

தம்பி,

திருமதி டாப்பராம், தாங்களாம். உனக்கு மூக்கு சிந்திவிட்ட கை இது.

கையெழுத்துப் போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எந்த வாரம் போட்டேன் என்று யோசித்துப் பார்த்தாயா? வில்ஃப்ரெட் மூச்சுவிட முடியாமல் கிடந்த கடைசி வாரம் அது. அந்த வாரம் நீ என் பல்லைப் பிடுங்கச் சம்மதம் கேட்டுத் தாள் அனுப்பியிருந்தாலும் போட்டிருப்பேன்.

ஈஸ்டரைப் பற்றி நீ ஆரம்பித்துவிட்டதால் மீதியையும் சொல்கிறேன். எல்லாரும் சிரித்து ஓயும் வரை காத்திருந்து, அமைதி வந்ததும் நீ சொன்னாய்: "இது உன் வீடு இல்ல. நீ தங்க வந்தவ." நான் கையிலிருந்த கேக்கை வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். என் கிண்டலுக்கு ஊர் சிரித்தது. நீ சொன்னதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு புகையிலைத் தகரடப்பா வருகிறது. படுக்கைக்கு அடியில் சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் கத்தியை விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரை போயிற்று. பிறகு கரண்டியால் அள்ளினேன். டப்பாவில் இருப்பது கஞ்சி அல்ல, உன் சுவர். ஓட்ஸ் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடாதே. ஃப்ரெட் டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "வீடு" என்றேன். எடை போட்டுத் தபால்தலை ஒட்டச் சொன்னார்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நான் சேப்பலில் இருக்கிறேன் என்று நினைத்து, மேற்குப் பக்கம் ஏணியில் ஏறித் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாயே. தலைவலி என்று நான் பாதியிலேயே வந்துவிட்டேன். அளவு என்ன வந்தது?

கெஸியா


மேல்பக்கம்
செப்டம்பர் 12, 1959

திருமதி டாப்பர் அவர்களுக்கு,

தங்கள் டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது என் பக்கத்துச் சுவர் மண். அதே ஆள், அதே சிமெண்ட், அதே வருஷம். தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்கிறது. ஆகவே குற்றம் சிமெண்டில் இல்லை, கெட்டிலில்.

தூக்குக்குண்டைப் பற்றி: அது கன்றுக்குட்டிக் கொட்டகை வேலைக்காக. நூல் சிக்காகிவிட்டது, பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்ப்ரோஸ் யோ


கீழ்ப்பக்கம்
செப்டம்பர் 23, 1959

தம்பி,

ஏணியில் ஏறி நூல் சிக்கெடுக்கும் ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நேற்று கூரை வேய்கிற பெர்ட் சக் வந்தார். முகடு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாகக் கட்ட வேண்டியது, இந்த வருஷம் அதன் முறை. மேலே ஏறினார், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், கட்டிய வைக்கோலைக்கூடப் பிரிக்காமல் இறங்கி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அம்மா, நான் இந்த முகட்டுல கைவைக்க மாட்டேன். கூரை மேல தப்பில்ல, கீழ சுவர் இறங்குது. உங்க தலைக்கு மேல கூரையைத் தாங்குற ஓக் வளைமரம் இருக்கே, அதோட கால் அந்த மண்ணுக்குள்ளதான் புதைஞ்சு நிக்குது. மண்ணு சேறாச்சுன்னா கால் வழுக்கிடும். மழையில்லாத வருஷமா போச்சு, தப்பிச்சீங்க. ஒரு நல்ல மழை பேஞ்சா அந்த ரூம்ல படுக்காதீங்க."

இதையே உன்னிடமும் சொன்னாராம். நீ அவருக்கு ஒரு குவளை ஆப்பிள் மது கொடுத்து, "எங்க முகடு எப்பவுமே கொஞ்சம் ஒசிஞ்சுதான் இருக்கும்" என்றாயாம். வளைமரம் வழுக்கினால் கூரை உன் பக்கத்தில் மட்டும் நின்றுகொள்ளுமா?

ஆம்ப்ரோஸ், கிண்டலை விட்டுவிட்டு எழுதுகிறேன். வில்ஃப்ரெட்டின் மருமகள் முறை மார்ஜரி பிளைமவுத்தில் தனியாக இருக்கிறாள். மூன்றாவது மாடி, செங்கல் வீடு, குழாயைத் திருப்பினால் வெந்நீர். வரச் சொல்லி மூன்று தடவை எழுதிவிட்டாள். எனக்குப் போக மனசில்லை. இது நான் பிறந்த வீடு. முப்பது வருஷம் ரயில்வே குடியிருப்பில் இருந்துவிட்டு இங்கே திரும்பி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் போகமாட்டேன். போடாவிட்டால் 29ஆம் தேதி கிளம்புகிறேன். எனக்கு அறுபத்தொரு வயது. தூக்கத்தில் வீடு தலையில் விழுந்து சாக எனக்கு விருப்பமில்லை.

கெஸியா


மேல்பக்கம்
செப்டம்பர் 26, 1959

திருமதி டாப்பர் அவர்களுக்கு,

பிளைமவுத் நல்ல ஊர் என்று கேள்வி. பஸ் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. பெட்டிகளை நடையில் வைத்தால் டிராக்டரில் ஏற்றி முனைரோடு வரை கொண்டுவந்து விடுகிறேன். வழியில் பேச வேண்டிய அவசியம் இல்லை.

ஆம்ப்ரோஸ் யோ


பிளைமவுத்
அக்டோபர் 5, 1959

தம்பி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று தெரிவிக்கத்தான் இது.

டிராக்டரில் இரண்டு மைல் வாயைத் திறக்காமல் ஓட்டி, பஸ் வந்ததும் என் மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாயே, அதில் இறைச்சி வைத்துச் சுட்ட நாலு பாஸ்டி இருந்தது. ஒன்று அடியில் கருகியிருந்தது. நீயே சுட்டது என்று புரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். "தம்பி. எங்களுக்குள்ள பேச்சு கிடையாது" என்றேன். "பேசாதவங்க நாலு பாஸ்டி குடுப்பாங்களா?" என்று அவள் சிரித்தாள். அவளுக்கு ஒன்று கொடுத்தேன்.

இங்கே எல்லாம் நேராக இருக்கிறது. சுவர் நேர், தரை நேர், கதவு தானாகச் சாத்திக்கொள்வதில்லை. முதல் இரண்டு நாள் எனக்குத் தலை சுற்றியது. நம் வீட்டில் முட்டையைத் தரையில் வைத்தால் நடுவிலிருக்கும் ஓக் பலகைத் தடுப்போரம் உருண்டு போகும், இங்கே வைத்த இடத்திலேயே கிடக்கிறது. சுவர் நாலு விரல் கனம்தான். பக்கத்து வீட்டு இளைஞன் ஷூவைக் கழற்றும் சத்தம்கூட என் தலைமாட்டில் கேட்கிறது. வெந்நீர் நன்றாக வருகிறது, பொய் சொல்லக்கூடாது.

மார்ஜரி நல்ல பெண். கிறிஸ்துமஸில் வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது என் பெயரையும் சேர்த்துவிடலாம் என்கிறாள். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு. சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். ஐந்து வருஷம் கழித்து நான் எங்கே திரும்புவது.

கோழிகளுக்கு மாலையில் தவிடு. சிவப்புக் கோழி கொத்தும்.

கெஸியா


டன்ஸ்கோம்
அக்டோபர் 11, 1959

அக்கா,

நேற்று மழை வந்தது.

அந்த டப்பாவில் நான் அனுப்பியது சுவர் மண் இல்லை. அடுப்புக்கு மேலே புகைக்கூண்டின் பக்கத்திலிருந்து சுரண்டியது. தலைமுறை தலைமுறையாக நெருப்புக் காய்ந்த இடம், பொடியாக உதிராமல் என்ன செய்யும். உன் டப்பாவைப் பார்த்த அன்றே என் பக்கச் சுவரிலும் குத்திப் பார்த்தேன். உன் பக்கம் கஞ்சி என்றால் என் பக்கம் களி. தூக்குக்குண்டு நாலரை அங்குலச் சாய்வு காட்டியது. மூன்று தடவை அளந்தேன், குறையவில்லை.

நீ போன மறுநாள் காலையில் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு மேற்குச் சுவரில் ஆரம்பித்தேன். உன் கையெழுத்து வாங்கவில்லை. வேண்டுமானால் வக்கீலிடம் போ. சிமெண்ட் பாளம் பாளமாக வருகிறது, கூடவே சுவரின் தோலும் வருகிறது. பின்னால் மண் கறுத்து, பழைய குட்டை நாற்றம் அடிக்கிறது. ஆறு நாளில் வெளிப்பக்கம் முழுதும் உரித்துவிட்டேன். கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கியிருப்பதால் மழை நேராகப் படவில்லை. படுகிற இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன்.

ஏன் பூசினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. வெள்ளையாக வழவழவென்று இருந்தால் பெருமை என்று நான் பூசியதாகத்தான் நீ நினைத்தாய், ஊரும் நினைத்தது. உனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து நார்த்கோட் பெண்ணை ஒரு நாள் இரவு தங்க அழைத்து வந்தாய். காலையில் எழுந்தபோது அவள் தலை முழுக்கச் சுவர் மண் உதிர்ந்திருந்தது. "கெஸியா மண்ணுல படுத்துத் தூங்கறா" என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சின்னவன், என்ன செய்வதென்று தெரியாமல் உன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வில்ஃப்ரெட் தேறமாட்டார் என்று தெரிந்ததும், அதன் பிறகு இங்கே வருவதாக நீ எழுதினாய். வருகிறவள் மேல் ஒரு துளி மண் விழக்கூடாது என்று நினைத்தேன். சிமெண்ட் மூட்டை விற்க வந்தவன் நூறு வருஷம் அசையாது என்றான். நம்பிவிட்டேன். உனக்காகச் செய்ததை நீயே நாற்பது பேர் முன்னால் கிண்டல் செய்தபோது எனக்குக் கண் இருட்டிவிட்டது. அதனால்தான் அப்படிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அது உன் வீடு. என்னைவிட நாலு வருஷம் முன்னாலேயே உன் வீடு.

சிவப்புக் கோழி கொத்தியது.

ஆம்ப்ரோஸ்


பிளைமவுத்
அக்டோபர் 14, 1959

மடையா,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்று படித்தேன். அழுதுகொண்டே உள்ளே போனதும் மார்ஜரி பயந்துபோய், "யாரு அத்தை? யாருக்கு என்ன ஆச்சு?" என்று என்னை உட்காரவைத்துப் பிராந்தி ஊற்றிக் கொடுத்தாள். "யாருக்கும் ஒண்ணும் ஆகலடி. என் தம்பி சிமெண்ட் பூசினான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது தடவையும் ஊற்றினாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மூன்று வருஷம் எதிர் எதிரே இருந்தோம். எனக்குச் சிமெண்ட் பிடிக்கவில்லை என்று நூறு தடவை சொன்னேன், நூறு தடவையும் ரேடியோவைக் கூட்டினாய். நார்த்கோட் பெண்ணை நானே மறந்துவிட்டேன். நீ நாற்பத்தொன்பது வருஷம் அவளைச் சுமந்திருக்கிறாய்.

ஈஸ்டர் அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, நாக்கில் வந்ததைச் சொன்னேன், சபை சிரித்ததும் இன்னும் கொஞ்சம் சொன்னேன். அது தப்பு. என்னை மன்னித்துக்கொள். நீ முகம் சிவந்து உட்கார்ந்திருந்தது இப்போது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இனி வேலைக்கு வருவோம். அந்தச் சுவருக்குக் கீழே தனியாக நிற்காதே. இன்றே பெர்ட் சக்கைக் கூப்பிட்டு வளைமரத்துக்கு முட்டுக் கொடு. நாலு முட்டு, நல்ல எல்ம் மரம், அடியில் பலகை. பூசியவன் ஒருத்தன்தான், விழுந்தால் அவன் தலையில் விழட்டும் என்று சுவர் காத்துக்கொண்டிருக்கும்.

திரும்பி வருவதைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. ஒருமுறை பெட்டி கட்டிவிட்டேன். தங்க வந்தவள் என்று இன்னொரு தடவை யார் வாயாலும் கேட்டால் என்னால் தாங்க முடியாது. வீடு எனக்காக நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. விழாமல் நின்றால் போதும்.

அக்கா


டன்ஸ்கோம்
அக்டோபர் 25, 1959

அக்கா,

விழுந்துவிட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை.

நீ எழுதியபடி நாலு எல்ம் முட்டு கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை கடைசி முட்டுக்கட்டையை அடித்து முடித்தோம். புதன்கிழமை மாலை தேநீர் நேரத்தில், பெர்ட்டும் நானும் முற்றத்தில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேற்குச் சுவர் மெதுவாக, மாடு படுப்பதுபோல முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பெர்ட் வாயில் ரொட்டியோடு, "ஆச்சு" என்றார். அவ்வளவுதான். கூரை அசையவில்லை. சுவரே இல்லாமல் வைக்கோல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது, நாலு கட்டையின் மேல். உன் கட்டிலிலிருந்து பார்த்தால் ஆப்பிள் தோட்டம் முழுக்கத் தெரிகிறது. கட்டிலை என் பக்கம் கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. சுவர் போனதால் கூரையின் குறுக்குவெட்டு அப்படியே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மேலே பெர்ட் வேய்ந்தது, அதற்கடியில் பெர்ட்டின் அப்பா வேய்ந்தது, அதற்கடியில் யார் யாரோ. பழசைப் பிரிக்காமல் மேலே மேலே வேய்ந்துகொண்டே வந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், முதல் வைக்கோல் கன்னங்கரேலென்று இருக்கிறது. எரிந்துபோனது என்று நினைத்துக் கையை வைத்தேன். எரியவில்லை, புகை படிந்தது. புகைக்கூண்டு கட்டுவதற்கு முந்தின காலத்தில் என் பக்கம் தரை நடுவில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். அந்தப் புகை கூரைக்கடியில் ஓடி, உன் பக்கம் கடைசி மூலை வரை வந்து படிந்திருக்கிறது. நடுவில் தடுப்பு இருந்திருந்தால் வந்திருக்காது.

பெர்ட் தலையைச் சொறிந்துகொண்டு, "மொதல்ல மேல்பக்கம், கீழ்ப்பக்கம்னு ஒண்ணும் கிடையாது போலிருக்கு. பலகையெல்லாம் பின்னால அடிச்சது" என்றார். நான் கொஞ்ச நேரம் ஏணியிலேயே இருந்தேன். பெர்ட் கேட்டதற்கு, கண்ணில் தூசி என்று சொன்னேன். நிறையத் தூசிதான்.

சுவரைத் திரும்ப எழுப்ப புது மண் வேண்டாமாம். விழுந்த மண்ணையே குவித்து, மேலே மூடி, குளிர்காலம் முழுக்க வைத்திருந்து, ஏப்ரலில் புது வைக்கோல் போட்டு மாடுகளை விட்டு மிதிக்கவைத்தால் போதும். கல் அடிமானம் உறுதியாக இருக்கிறது. வெளியே சுண்ணாம்புதான். சிமெண்ட் என்ற சொல்லை இந்த முற்றத்தில் யாரும் சொல்லக்கூடாது என்று பெர்ட்டிடம் சொல்லிவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மேற்குச் சுவரில் இதுவரை ஜன்னல் இல்லை, மாட்டுக்கு எதற்கு என்று விட்டிருக்கிறார்கள். மண் சுவரில் ஜன்னலைப் பின்னால் வெட்டினால் சுவர் பலம் போய்விடும். எழுப்பும்போதே அந்த உயரத்தில் ஓக் கட்டையை வைத்து மேலே மண் போட வேண்டும். ஓக்கை இப்போதே அறுத்துக் காயவைத்தால்தான் ஏப்ரலுக்கு ஆகும். ஆகவே ஜன்னல் வைக்கலாமா, வைத்தால் தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று எழுது. நீ அந்த அறையில் இருக்கப்போவதில்லை என்றால் ஜன்னல் தேவையில்லை, வைக்கோல் போட்டு வைக்கும் இடத்துக்கு வெளிச்சம் வேண்டாம். மூடிவிடுவேன்.

இதைத்தான் கேட்கிறேன். வேறு எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆம்ப்ரோஸ்


பிளைமவுத்
அக்டோபர் 29, 1959

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மார்ஜரியும் படித்தாள். "ஜன்னலப் பத்திக் கேக்குறாரா, உங்களப் பத்திக் கேக்குறாரா?" என்றாள். "எங்க வீட்டுல ரெண்டையும் இப்படித்தான் கேப்பாங்க" என்றேன். ஒப்பந்தத்தில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு கோடையில் வந்து மாடு மிதிப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஏப்ரலிலேயே வா, நீயும் மிதிக்கலாம், பாதம் மிருதுவாகும் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். முனைரோட்டில் டிராக்டரோடு நில். இந்தத் தடவை பேசிக்கொண்டே போகலாம். நான் பேசுகிறேன், நீ ஓட்டு. குளிர்காலம் முழுக்க உன் பக்கம்தான் இருக்கப்போகிறேன் என்பதால் அடுப்பங்கரையை இப்போதே கூட்டிவை, நான் வந்து பார்த்தால் மறுபடியும் சண்டை வரும்.

இனி ஜன்னல். வை. மேற்குப் பார்த்து, தோட்டம் முழுக்கத் தெரியும்படி. சுவர் மூன்றடி கனம், அதனால் உள்பக்கம் ஜன்னலின் அடிக்கட்டையே உட்காரும் திண்டாக ஆகிவிடும். அதற்கு நல்ல ஓக் பலகையாகப் பார்த்துப் போடு. உயரம் தரையிலிருந்து பதினேழு அங்குலம். நாற்காலியில் உட்கார்ந்து, மார்ஜரி டேப்பைப் பிடிக்க, என் முழங்காலுக்கு அளந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அகலத்தை இங்கிருந்து என்னால் அளக்க முடியாது. பெர்ட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து நீ அளந்துகொள். அவர் ஏறக்குறைய என் பருமன்தான். நீ மூச்சை இழுத்துப் பிடிக்காமல் உட்கார்.

அக்கா
கெஸியா